அட்டை மூச்சு விடாது

பப்பில் ஜனங்கள் ஆடுகிற காட்சியை எடுக்கும்போது பாட்டு ஓடாது. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. நாற்பது பேர் கையைத் தூக்குவார்கள், தலையை ஆட்டுவார்கள், வாயைத் திறந்து கத்துகிற மாதிரி நடிப்பார்கள். சத்தம் மட்டும் வராது. செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிடுவோம். அப்போதுதான் முன்னால் நிற்கிற நடிகர்கள் பேசுவது மைக்கில் சுத்தமாக விழும். பாட்டைப் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக வெளியே அனுப்பினார்கள்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், அந்த அமைதி இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உங்கள் முன்னால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். தமிழிலேயே எழுது, கன்னடத்தில் மாற்ற ஆள் இருக்கிறது என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அது வசதி. கன்னடம் எனக்குப் பேசத்தான் வரும்.

பெயர் கோவிந்தராஜன். வயது நாற்பத்தெட்டு. இருப்பது பொம்மனஹள்ளி. சினிமாவில் லைட் வேலை, இருபத்து மூன்று வருடம். அப்பா ஓசூர் ரோட்டில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டர். அம்மா ஜல்லி சுமந்தாள். எங்கள் வீட்டில் காயம் இல்லாத உடம்பு கிடையாது. அப்பாவின் முன்கையில் தீப்பொறி பட்ட வடுக்கள் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். அம்மாவுக்கு இடது கை சுண்டுவிரலில் நகம் இல்லை. இதையெல்லாம் யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. வேலை என்றுதான் சொன்னோம். என்னை எடைபோடுவதற்கு முன்னால் இதை நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுத்தது 2003 ஜூலையில். ரெசிடென்ஸி ரோட்டுக்குப் பின்னால், மராமத்துக்காக மூடிக் கிடந்த ஒரு பப். மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, இடுக்குகளில் டேப் ஒட்டிப் பகலை வெளியே தள்ளிவிட்டோம். உள்ளே ஃபினாயில் வாசனையும் பழைய பீர் வாசனையும் இருந்தன. ஏ.சி. ஓடினால் மைக்கில் இரைச்சல் வரும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். செட்டில் புகை போடுகிற சீனு தணலில் சாம்பிராணி போட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தான். புகை இருந்தால்தான் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் அது எங்கே விழுகிறதோ அங்கே மட்டும்தான் தெரியும்.

காட்சி இதுதான். ஊரிலிருந்து வந்த பெண் காணாமல் போன தன் அக்காவைத் தேடி முதல்முறையாக ஒரு பப்புக்குள் வருகிறாள். கூட்டம் ஆடுகிறது. அவள் கேட்கிற கேள்வி யார் காதிலும் விழவில்லை. இந்த ஊரில் தன்னை யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு அந்த இடத்தில்தான் உறைக்கிறது. காதில் விழுகிற வசனம் கிடையாது. கேமரா டிராலியில் அவளை அரைவட்டமாகச் சுற்றி வரும். பாட்டு காதைப் பிளக்கும். திடீரென்று பாட்டு நின்று, அவள் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சுக்காகத்தான் மைக்.

கேமராமேன் கிஷோர். முப்பது வயது இருக்கும், இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர், நல்ல மனுஷன். எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்ய நினைத்தார். சிவப்பு, நீலம், சுற்றுகிற விளக்கு. சிவப்பு போட்டால் அந்த இடம் கெட்ட இடம் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அவள் நிலைமை அவர்களுக்குப் புரியாது. எனக்கு அது தாங்கவில்லை. இருபத்து மூன்று வருடமாக இப்படி எத்தனையோ காட்சிகள் என் கைக்குக் கீழே பாழானதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். லைட் எரியாவிட்டால் என் பெயர் எல்லோருக்கும் தெரியும். எரிந்தால் தெரியாது.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன். சார், எல்லாக் கலரையும் எடுத்துடுங்க. அவ மூஞ்சியில கொஞ்சமா, மெத்துனு ஒரு வெளிச்சம். பின்னாடி சுவத்துல அவ நிழல், அவளைவிட மூணு மடங்கு பெருசா. கூட்டம் ஆடும், அவ அசையாம நிப்பா, நிழல் மட்டும் சுத்திச் சுத்தி வழி தேடும். மனசுக்குள்ள நடக்கறது சுவத்துல நடக்கும்.

கிஷோர் என்னையே பார்த்தார். “கோவிந்த், இத்தனை நாள் எங்கய்யா இருந்தீங்க?” என்றார். “ட்ரை பண்ணுவோம். இன்னிக்கு ஒரு ஷாட் வரணும். வரலைன்னா டிஸ்கோ லைட்டே போதும்.”

நடிகை அசையாமல் நிற்க வேண்டும், நிழல் அசைய வேண்டும் என்றால் நிழலுக்கு வேறு ஆள் வேண்டும். ஆடுகிற கூட்டத்தில் அதே உயரம், அதே கழுத்து உள்ள பெண்ணாக நானே தேர்ந்தெடுத்தேன். அவள்தான் ஸ்னேஹா. சந்தாபுரா பெண். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஷூட்டிங் வந்தால் லீவு போட்டுவிட்டு வருவாள். இருபத்திரண்டு வயது. வாய் ஓயாது. என்னைப் பார்த்த முதல் அரைமணியிலேயே அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

“மூஞ்சி வராதாண்ணா?”

“வராது. நிழல்தான்.”

“அப்ப மேக்கப் வேணாம். எங்க அம்மா கேட்டா என்னன்னு சொல்றது? அதோ சுவத்துல கறுப்பா ஓடுதே, அது நான்தான்னா?”

“அதான் படத்துலயே பெரிய வேஷம்,” என்றேன். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை.

ஹெச்.எம்.ஐ. என்கிற பெரிய ஷூட்டிங் லைட், இரண்டரை கிலோவாட், ஒன்றை வைத்து, அதற்கு ஐந்தடி முன்னால் மரப்பெட்டி போட்டு அவளை ஏற்றினேன். லைட்டுக்குக் கிட்டே போகப்போக நிழல் பெரிதாகும். பெரிதாக வந்தது. ஆனால் ஓரமெல்லாம் கலங்கியிருந்தது, ஈரத்துணியை எறிந்த மாதிரி. கிஷோர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “பூதம் மாதிரி இருக்கு. பொண்ணு மாதிரி இல்ல. கத்தி மாதிரி வேணும் கோவிந்த்,” என்றார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த லைட்டின் முகத்தில் ஒரு கனமான கண்ணாடி உண்டு. வெளிச்சத்தைப் பரப்புவது அதுதான். அதை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற பல்பு ஒற்றைப் புள்ளியாக எரியும், நிழல் பிளேடால் வெட்டின மாதிரி விழும். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த பல்பிலிருந்து வருகிற, வெல்டிங் நெருப்பில் இருக்கிற அதே கதிரை அது தடுக்கும். அதனால்தான் கண்ணாடிக் கதவைத் திறந்தால் லைட் தானாக அணைகிற மாதிரி உள்ளே ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். சிகரெட் அட்டையை நாலாக மடித்து அந்தப் பட்டன் மேல் வைத்து டேப் ஒட்டினால் அணையாது.

டீ இடைவேளையில் ஒட்டினேன். கண்ணாடியை என் டவலில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

நிழல் விழுந்தது. அவள் தலையிலிருந்து பிரிந்த முடி ஒவ்வொன்றும் சுவரில் தனித்தனியாகத் தெரிந்தது. டைரக்டர் எழுந்து நின்றார். “என்ன பண்ணீங்க?” என்று கிஷோர் கேட்டார். லைட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன் சார் என்றேன். அவர் என் தோளில் கை போட்டு, “மாஸ்டர்,” என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நடிகை மேல் அந்த வெளிச்சம் ஒரு கோடுகூட விழாதபடி கறுப்புப் பலகைகள் கட்டினேன். ஆடுகிற கூட்டத்துக்கும் அப்படியே. வெளிச்சம் அவர்கள் தலைக்கு மேலே, சுவரின் மேல்பாதிக்கு மட்டும் போனது. நானும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ரெமிஜியஸ் இருக்கிறாரே, ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், அவர்தான் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து தூக்கிவிட்டு, “என்னய்யா கோவிந்து, இருட்டுக்குள்ள கூலிங் கிளாஸ்? ஹீரோவுக்குச் சான்ஸ் போச்சுன்னு சொல்லு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிழல் சரியான இடத்தில் திரும்ப வேண்டும் என்றால் அவள் ஒரு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். அந்த அடையாளத்தை நான் லைட்டுக்கு நேர் கீழே, ஸ்டாண்டின் கழுத்தில் ஒட்டினேன். வேறு இடத்தில் ஒட்டியிருக்கலாம். அங்கே ஒட்டினால்தான் முகவாய் சரியாக நிமிர்ந்தது. முதல் நாள் பதினொரு டேக். அவள் வலது பக்கம்தான் லைட்டைப் பார்த்து அதிகம் நின்றது.

வெல்டிங் பார்த்த கண் உடனே வலிக்காது. ஏழெட்டு மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பிக்கும். என் சின்ன வயதில் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் காலை ஸ்னேஹா துப்பட்டாவால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். இரண்டு இமையும் வீங்கியிருந்தன, வலது அதிகம். இப்படியே எப்படி வேலை செய்வது என்று டைரக்டர் கத்தினார். சாம்பிராணியில் என்னத்தைக் கலந்தாய் என்று சீனுவைப் பிடித்துக்கொண்டார்கள். தணலைத் தூக்கிக்கொண்டு வெளியே போ என்று அனுப்பிவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்து, “அண்ணே, பத்து வருசமா போடுறேன், உங்களுக்குத் தெரியாதா, சொல்லுங்கண்ணே,” என்றான். எனக்கு இன்னும் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. அவன் அதற்கப்புறம் இந்தத் தொழிலில் இல்லை என்று கேள்வி.

கிஷோர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். “பாவம் மாஸ்டர், அனுப்பிடலாம். நிழல் ஷாட் பாதிதான் ஆச்சு. மீதியை கலர் லைட்ல முடிச்சுக்கலாம்.”

கலர் லைட். பாதிப் படம் என்னுடையது, பாதி வழக்கம்போல. வேறு ஆள் போடலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். முகம் தெரியாத நிழலுக்கு யார் நின்றால் என்ன என்று கேட்டீர்கள். முதல் நாள் பிடித்த கழுத்தும் தோளும் மறுநாள் மாறினால் சுவரில் தெரிந்துவிடும். அட்டையில் ஆள் உருவம் வெட்டி வைத்திருக்கலாமே என்றீர்கள். அட்டை மூச்சு விடாது.

இருங்க சார், எங்கிட்ட மருந்து இருக்கு என்றேன்.

பட்டறைகளில் ஒரு சொட்டு மருந்து புழங்கும். கண்ணை மரத்துப் போக வைக்கிற மருந்து. டாக்டர்கள் ஒரு தடவை, இரண்டு தடவை போடுவது. வெல்டர்கள் அதை எப்படியோ வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். வலி வந்தால் போட்டுக்கொண்டு மறுபடி குனிவார்கள். புண் அப்படியேதான் இருக்கும், வலி மட்டும் இருக்காது. தீக்காயம், வெட்டு எல்லாம் நடக்கிற தொழில் என்பதால் மற்ற மருந்துகளோடு அதுவும் என் பெட்டியில் இருந்தது.

நான்தான் போட்டுவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் அவள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். “ஐயோ அண்ணா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்,” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளே மரப்பெட்டி மேல் ஏறி நின்றாள்.

அன்றைக்கு ரெமிஜியஸ் ஒரு வேலை செய்தார். நடிகை விட்ட மூச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. நடிப்பு மாதிரி கேட்கிறது என்றார். ஸ்னேஹா விடுகிற மூச்சு உண்மையாக இருக்கிறது, அதைத் தனியாகப் பிடித்து வைக்கிறேன் என்று அவள் துப்பட்டாவுக்குள் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டார். லைட் போட்டு, சுவரில் நிழலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். டேப் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் கேட்டதை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிவிட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

“அண்ணா, எங்க அம்மா கேக்கறாங்க, வெல்டிங் ஏதாச்சும் பாத்தியாடின்னு. எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சாம். இந்த லைட்டுல கண்ணாடி இருக்குதில்ல?”

அப்புறம் கொஞ்சம் சத்தமில்லை. அப்புறம் என் குரல்.

“இருக்குதும்மா. அது சாம்பிராணி புகை. நீ மார்க்கைப் பாரு.”

அவ்வளவுதான் டேப்பில் இருப்பது. பிறகு சைலன்ஸ் என்று கத்தினார்கள். சைலன்ஸ் என்றால் இருமக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, எரிகிறது என்று சொல்லக்கூடாது. நாற்பது பேர் வெறுங்காலில், பாட்டே இல்லாமல், பைத்தியம் பிடித்த மாதிரி ஆடினார்கள். தரையில் பாதங்கள் தேய்கிற சத்தமும் அவள் மூச்சும்தான். இரண்டாம் நாள் ஒன்பது டேக், மூன்றாம் நாள் ஆறு. நடுநடுவே சொட்டு மருந்து. கடைசி நாள் கிஷோர் நாலாவது டேக்கிலேயே ஓகே என்றார். தோள் இன்னும் திரும்பணும் சார் என்று இன்னும் இரண்டு கேட்டவன் நான். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

முடிந்து போகும்போது மருந்துப் பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டேன். எரிஞ்சா போட்டுக்கோ என்றேன். எத்தனை தடவை என்று சொல்லவில்லை. அவள் அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் கார்மெண்ட்ஸில் காலர் தைத்திருக்கிறாள். சூப்பர்வைசர் லீவு தரவில்லை. பதிமூன்றாம் நாள் வலது கண்ணில் கருவிழி மேல் வெள்ளை படர்ந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியில், மரத்துப் போகிற மருந்து கருவிழியைக் கரைத்துவிட்டது, புண்ணும் பழுத்துவிட்டது என்று சொன்னார்களாம். வலது போய்விட்டது. இடதில் ஆள் தெரியும், ஊசிக்காது தெரியாது.

படம் அடுத்த வருடம் வந்தது. நான் இரண்டு தடவை பார்த்தேன். அந்தக் காட்சியில் பாட்டு நின்றதும் தியேட்டரே அடங்கிப்போனது. சுவரில் நிழல் பன்னிரண்டு நொடி. மேலே அந்த மூச்சு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அந்த மூச்சைப் பயம் என்று நினைத்திருப்பாள். நல்ல பயம் மாதிரிதான் கேட்டது. கிஷோருக்கு ஒரு விருது கிடைத்தது. அவர் மேடையில் என் பெயரைச் சொன்னாராம். டைட்டிலில் என் பெயரை கோவிந்தராஜ் என்று போட்டிருந்தார்கள்.

ரெமிஜியஸ் மூச்சைத் தேடி டேப்பைத் திருப்பிக் கேட்டபோது எங்கள் பேச்சும் கேட்டிருக்கிறது. அவருக்கு லைட்டைப் பற்றித் தெரியாது. அதனால் விட்டுவிட்டார். ஸ்னேஹாவின் அம்மா படக் கம்பெனி வாசலில் வந்து நின்று, எம்பொண்ணு கண்ணுக்கு யாரு பதில் சொல்றது என்று கேட்ட அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியிருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழிலை அவர் செய்தார்.

உனக்கு இப்படியாகும் என்று தெரியாது, இல்லையா, என்று கேட்டீர்கள். நான் தலையாட்டியிருந்தால் வழக்கு லேசாகப் போயிருக்கும் என்று ஸ்டேஷன் ரைட்டர் அப்புறம் என்னிடம் சொன்னார். தெரியும் சார். என் அப்பாவின் இடது கண் வெள்ளையானது அந்தச் சொட்டு மருந்தால்தான். எனக்குப் பதினேழு வயது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் திட்டியதை மொழிபெயர்த்துச் சொன்னவன் நான்தான்.

அவள் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் டேப்பில் நாலு நொடி காலியாக இருக்கிறது. அதில் என்ன யோசித்தாய் என்று மூன்று தடவை கேட்டீர்கள். சொல்லிவிடலாமா என்று தவித்தேன், அவள் கூலி போய்விடுமே என்று பயந்தேன் என்று முதலில் சொன்னேன். எழுதும்போது அது சரியாக வரவில்லை. அடித்துவிட்டேன்.

கேள்வி கேட்பதற்காக அவள் பெட்டி மேல் நின்றபடியே லேசாக முகத்தைத் திருப்பினாள். சுவரில் நிழலும் திரும்பியது. நெற்றி, மூக்கு, உதடு, அப்புறம் இமை. அவள் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாள். இமை மயிர் ஒவ்வொன்றும் சுவரில் என் விரல் நீளத்துக்கு இறங்கி ஏறியது. நாலு நொடியும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.